புள்ளி வீட்டில் இருந்தது

1

மஸ்கட்டில் நான் முதலில் கற்றுக்கொண்ட அரபிச் சொல் 'வேன்'. அதையும் தப்பாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்குச் சலவைக் கம்பெனியில் ஓட்டுநர் வேலை. மலைக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில் இருக்கும் தொழிலாளர் முகாம்களுக்குப் போய் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி வர வேண்டும். வெளுத்ததைத் திரும்பக் கொண்டு போட வேண்டும். வந்த புதிதில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினேன்.

"வேன்?" என்றார்.

"ஆமா சார், வேன்" என்றேன்.

மறுபடியும் "வேன்?" என்றார். இந்தத் தடவை சத்தமாக. நான் கதவைத் தட்டிக் காட்டி, "வேன்தான் சார், லாரி இல்லை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மூளை சரியில்லாதவன் என்று நினைத்திருப்பார்.

அரபியில் 'வேன்' என்றால் 'எங்கே'. எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். அறைக்கு வந்த பிறகுதான் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்த நாட்டில் என்னிடம் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். போலீஸ் கேட்கிறார். முகாம் வாசலில் காவலாளி கேட்கிறார். வண்டிக்குள் இடம் காட்டும் கருவி ஒன்று பொருத்தியிருக்கிறது. டீ குடிக்க ஒதுங்கினால் சூப்பர்வைசர் போன் பண்ணிக் கேட்கிறார்.

ஊர்க்காரர்கள் போடுகிற மலருக்கு வெளிநாட்டு அனுபவம் எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் எட்டாம் வகுப்பு. ஒட்டகம், பேரீச்சை, பெரிய கட்டடம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. நடந்தது ஒன்று இருக்கிறது. அதை எழுதுகிறேன். என் மனைவி கோமதியிடம் கேட்டுவிட்டேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்றும் கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? ஊரு அதும்பாட்டுக்கு ஒண்ணு பேசிட்டுத்தான் கெடக்கு. நடந்தத எழுதுங்க" என்றாள்.

2

எங்களுக்கு ஒரே மகள், வேணி. பெங்களூரில் வேலை கிடைத்துப் போகிற சமயம் நான் சேரன்மகாதேவி வீட்டில் விடுப்பில் இருந்தேன். மூன்று பேருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, இப்ப பாருங்க. இந்தப் புள்ளி நீங்க. இது அம்மா. இது நான். நீங்க மலை ரோட்டுல வண்டி ஓட்டுதிய. நான் பஸ்ல வருவேன் போவேன். அம்மா தனியா இருக்காக. யாரு எங்க இருக்கோம்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியும்லா."

"எத்தனை நாளைக்கு?"

"நாமளா நிறுத்துத வரைக்கும்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுப்பா. நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"போன்லயே போட்டிருக்கு."

"அதுவே சொல்லிக்கிடுமா?" என்றேன். கோமதி சிரித்தாள். வேணி சிரிக்கவில்லை.

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இலவசமாக ஒருவன் நம் வீட்டு ஆட்களை நமக்குக் காட்டுகிறான் என்றால், அவன் முதலில் பார்த்துவிட்டுத்தான் காட்டுவான். ஆனால் மகள் ஆசையாகச் செய்கிறாள். சரி என்றுவிட்டேன்.

பெங்களூர் போன கொஞ்ச நாளிலேயே வேணியின் புள்ளி காணாமல் போய்விட்டது. பதறிப்போய்ப் போன் பண்ணினேன்.

"நான்தான்ப்பா ஆஃப் பண்ணினேன். ப்ரைவசி."

"அப்படின்னா?"

"அப்படின்னா... விடுங்கப்பா."

விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். இப்போது அதுவும் சில ஞாயிறு இல்லை. அவள் பேச்சில் பாதி எனக்கு விளங்குவதில்லை. என் பேச்சு அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. வேலை செய்கிற இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளே, நீ எந்தத் தமிழ் பேசுகிறாய் என்று கேட்கிறார்களாம். மாற்றிக்கொண்டாள். கடைசியில் புள்ளியாக மிஞ்சியது நானும் கோமதியும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அது நன்றாகத்தான் இருந்தது. கோமதிக்குத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் ஒரு பெயர்த் திருத்தம். குடும்ப அட்டையில் என் பெயரைச் 'சுடலைமுத்தி' என்று போட்டுவிட்டார்கள். வீட்டுத் தலைவர் பெண் ஆகிவிட்டார். அதற்கு அவள் அலைந்தாள். முகாம் வாசலில் மூட்டை எண்ணுகிறவனுக்காகக் காத்துக்கொண்டு நான் அவள் புள்ளியைப் பார்ப்பேன். பத்தமடையில் நிற்கும். ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். முன்னீர்பள்ளத்தில் நிற்கும். மேலப்பாளையத்தில் ஊரும். அங்கே எப்போதும் நெரிசல். ஆபீஸ் வாசலுக்குப் போனதும் ஒரே இடத்தில் மதியம் வரைக்கும் கிடக்கும். ஆபீசர் வரவில்லை என்று எனக்கு அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

3

பிறகு ஒன்றைக் கவனித்தேன். செவ்வாய், வெள்ளி மதியம் போன் பண்ணினால் கோமதி எடுப்பதில்லை. மற்ற நாட்களில் எடுக்கிறாள்.

புள்ளியைப் பார்ப்பேன். வீட்டில் இருக்கும்.

முதலில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பகலில் தூங்குகிற வழக்கம் கிடையாது. குளிக்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நேரமா? சாயங்காலம் திரும்பக் கூப்பிடுவாள். குரலில் ஒன்றும் இருக்காது.

"மத்தியானம் எங்க போன?"

"போன் பண்ணினியளா? கவனிக்கல."

"வீட்லதான் இருந்தியா?"

"புள்ளியத்தான் பாத்திருப்பியளே" என்பாள். வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பதிலை நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஆள் கையில் போன் இருந்தால் புள்ளி சும்மா இருக்காது. கொல்லைக்குப் போனால் கொஞ்சம் நகரும், வாசலுக்கு வந்தால் கொஞ்சம் நகரும். இந்த இரண்டு நாள் மதியம் மட்டும் அது ஆணி அடித்த மாதிரி இருக்கும். போனை வைத்துவிட்டு எங்கேயோ போகிறாள். நான் பார்க்கக் கூடாது என்றுதான் வைத்துவிட்டுப் போகிறாள்.

என்னோடு அறையில் இருப்பவர் ஞானராஜ். கூடங்குளத்துப் பக்கம். அதே கம்பெனியில் இஸ்திரி போடுகிறார். அவருக்கு என்னைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது.

"என்னவே, சட்டிக்குள்ள பாக்காம போனுக்குள்ள பாக்கீரு? சோறு அங்கன இல்ல, இங்கன இருக்கு."

சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"நேரா கேளும்வே."

"கேட்டா சொல்லுவாளா?"

"கேக்காம இருந்தா மட்டும் சொல்லுவாகளா? உமக்கு அந்த எளவு புள்ளிய யாரு பாக்கச் சொன்னா? எங்க வீட்டுக்காரி ஆட்டுக்குட்டி மாதிரி நாலு வீடு ஏறி இறங்கிட்டுத்தான் வருவா. எனக்குத் தெரியாது. நிம்மதியா சாப்பிடுதேன்."

நான் நேராகக் கேட்கவில்லை. எதிர் வீட்டில் கடை வைத்திருக்கிற கணபதிக்குப் போன் பண்ணினேன். அது ஒரு செவ்வாய் மதியம்.

"கணபதி, சுடலை பேசுதேன். உங்க மதினி போன எடுக்கல. வீட்ல இருக்காளா பாரு."

"கதவு பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி."

"எங்க போயிருக்கா?"

"தெரியலையே. செவ்வா வெள்ளி இந்நேரத்துக்கு மதினி இருக்க மாட்டாகளே." கடைக்கு வந்தவருக்குச் சில்லறை எண்ணுகிற சத்தம் கேட்டது. "உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியும் தெரியும். மறந்துட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

போனைப் பார்த்தேன். புள்ளி வீட்டில் இருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்க்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவன் இனி யாரிடம் என்ன பேசுவான் என்றும் தெரியவில்லை.

4

விடுப்புக் கேட்கப் போனேன். கம்பெனி ஆபீசில் என் பெயர் பரமசிவன். அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் முன்னும் பின்னுமாக ஏறிவிட்டது. "பரமசிவன்!" என்று கூப்பிட்டால் நான் இன்றைக்கும் உடனே எழுந்திருப்பதில்லை. இறந்தவரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அந்த ஆபீசர் வடக்கத்திக்காரர். இந்தியில்தான் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த இந்தி வண்டிக்கும் மூட்டைக்கும் போதும். வீட்டு விஷயம் பேசப் போதாது. என்ன அவசரம் என்று கேட்டார். மனைவி வீட்டில் இருப்பதில்லை என்று சொல்ல நினைத்தேன். 'பீவி நஹீ ரஹீ' என்றேன்.

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். இவ்வளவு நல்ல மனிதரா என்று நினைத்தேன். சந்தேகமாகவும் இருந்தது. அறைக்கு வந்து ஞானராஜிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வே, நஹீ ரஹீன்னா போய்ச் சேந்துட்டாகன்னு அர்த்தம்வே! செத்துப் போனான்னு சொல்லி லீவு வாங்கிட்டு வந்திருக்கீரு!"

"நான் வீட்ல இல்லைன்னுதான் சொன்னேன்."

"வீட்டையும் சேத்துல்லா சொல்லியிருக்கணும்? திரும்பப் போய்ச் சொல்லும், இருக்காகன்னு."

போகவில்லை. போயிருந்தால் விடுப்பு போயிருக்கும்.

வீட்டுக்குச் சொல்லவில்லை. வேணிக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் வாசலில் போய் நிற்கிற மாதிரி டிக்கெட் எடுத்தேன். கதவு பூட்டியிருந்தால் பையை இறக்கக் கூடாது. அப்படியே திரும்பி வந்து விமானம் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போவதில்லை. இதை ஒரு தடவை முடிவு செய்தேன். பிறகு யோசிக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்கினேன். மஸ்கட் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்தேன். ஊர் சிம்மைப் போட்டேன். நம்பர் மாறியதும் என் புள்ளி மஸ்கட்டிலேயே நின்றுவிடும், கோமதி பார்த்தால் நான் அறையில் இருப்பதாகத் தெரியும் என்பது என் கணக்கு. நாகர்கோவிலுக்குப் பஸ் கிடைக்கக் கொஞ்சம் நேரமானது. ஒரு டீ குடித்தேன். ஆரல்வாய்மொழியில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. நாங்குநேரி தாண்டி, திருநெல்வேலி புது பஸ் நிலையத்தில் இறங்கி, சேரன்மகாதேவி வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தேன். பத்தமடையில் ஆள் ஏறியது. போனில் பார்த்த இடங்கள்தான். நேரில் பார்க்கச் சந்தோஷமாக இல்லை.

அவள் புள்ளியைப் பார்த்தேன். வீட்டில் இருந்தது.

பஸ் நிலையத்தில் இறங்கினால் எவனாவது, எப்ப வந்திய என்பான். செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கன்னடியன் கால்வாய்க் கரை வழியாக நடந்தேன். நல்ல வெயில். வயலில் நடவு முடிந்து தண்ணீர் நின்றது. கரையில் ஒரு ஆள் இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஒரு பெண். கையில் போனைப் பிடித்து அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். பத்தடிக்கு முன்னால் தலையை நிமிர்த்தினாள்.

கோமதி.

"இங்கன ஏன் எறங்குனிய? பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்லி வச்சிருந்தேன். அவன் அங்கன நிக்கான்."

நான் பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"திருவனந்தபுரத்துல ஏன் அவ்வளவு நேரம் நின்னிய? டீ குடிச்சியளா?"

5

சிம்மை மாற்றினால் புள்ளி மாறாது. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் என் புள்ளியைப் பார்ப்பது அவள் வழக்கமாம். அன்றைக்குப் பார்த்தால் நான் விமான நிலையத்தில் இருந்திருக்கிறேன். இந்தப் பக்கத்து விமான நிலையத்தில்.

வீட்டில் சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையல் அரைத்திருந்தாள். சொதி என்றால் தேங்காய் உடைத்து, துருவி, பால் பிழிந்து வைக்கிற குழம்பு. நான் ஆரல்வாய்மொழியில் வரும்போதே அடுப்பு பற்றவைத்திருப்பாள். சாப்பிட்டேன். அவள் பரிமாறினாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"என்னயப் பிடிக்க வந்தியளா?"

இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன். சொதியைத் தின்றுவிட்டு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றேன்.

"லீவு எப்படிக் குடுத்தான்?"

இந்தியில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப, என்னயக் கொன்னுட்டுத்தான் வந்திருக்கிய."

"அது தெரியாம சொன்னது."

"தெரிஞ்சு செஞ்சது இருக்குல்லா? கணபதிக்குப் போன் பண்ணி வீடு பூட்டிக் கெடக்கான்னு கேட்டிய. அவன் பொண்டாட்டி தெரு முழுக்கக் கேட்டுட்டா, மதினி எங்க போறாகன்னு. அது எனக்கு மறுநாளே வந்துட்டு. நீங்க கூப்பிட்டுக் கேப்பிய, கேப்பியன்னு இருந்தேன். நீங்க பிளேன் ஏறிட்டிய."

"சரி. இப்பக் கேக்கேன். எங்க போற?"

"ஆத்துக்கு."

"எதுக்கு?"

"குளிக்க."

"வீட்ல குழாய் இருக்கே."

"இருக்கு."

"போன ஏன் வச்சிட்டுப் போற?"

"ஆத்துல குளிக்கப் போறவ போனக் கட்டிக்கிட்டா போவா?"

"ரெண்டு மணி நேரமா குளிக்க?"

அவள் என் எச்சில் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கூட யாரு?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டாகிவிட்டது. அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஒரே தட்டைக் கழுவினாள். பிறகு ஈரக் கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். வெளிய கெளம்பி வாசல்ல கால வச்சவள, எங்க போறன்னு நம்ம ஊர்ல யாராவது கேப்பாகளா?"

அவள் சொன்னது சரி. கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். அப்படியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். "பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு நாம் போகலாம். "ஆமா, தூரந்தான்" என்றும் சொல்லலாம். அதற்கு மேல் கேட்பவர்களும் கேட்க மாட்டார்கள், போகிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.

"இந்தச் சவம் என்ன செய்யுது?" போனைக் கையால் காட்டினாள். "உப்பு வாங்கப் போனா எங்க போறங்கு. எங்க அக்கா வீட்டுக்குப் போனா எங்க போறங்கு. பஸ்ல உக்காந்தா ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் கேக்கு. கேக்கது அது இல்ல, நீங்க. எனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு. கூடவே வாரிய மாதிரி. பொறவு அப்படி இல்ல. வாசல்ல ஒரு ஆளு நின்னுக்கிட்டே இருந்தா எப்படிப் போக? அதான் வாரத்துல ரெண்டு நேரம் இத வீட்ல போட்டுட்டுப் போனேன்."

"நீயுந்தான் என் புள்ளிய பாக்க."

"பாக்கேன். மலை ரோட்டுல புள்ளி நின்னா எனக்கு மூச்சு நிக்கும். நகந்தா மூச்சு வரும். அதுக்குப் பாக்கேன். எந்த வீட்ல இருக்கியன்னு பாக்கல."

கூட யாரு என்று கேட்டேனே, அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் சொல்லவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் சோறும் குழம்பும் பற்றி மட்டும் பேசினோம்.

6

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கிளம்பினாள். நான் வீட்டில் இருக்கிறேன் என்று நிறுத்தவில்லை. நாற்காலியில் இருந்தபடி பார்த்தேன். ஒரு பை. பைக்குள் என்ன என்று தெரியவில்லை, மாற்றுத் துணியாக இருக்கலாம். போனை ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தேதான் போட்டாள்.

"வாரேன்" என்றாள். வாசல்படி இறங்கிப் போனாள்.

கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு செருப்பை மாட்டினேன்.

தெருவில் அவள் முதுகு தெரிந்தது. குடை தெரிந்தது. நான் பைய நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய்ப் பாலம் தாண்டினால் ஒரு மருதமரம். அதைச் சுற்றி வழி இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போனால் ஆற்றுப் படித்துறை. வலப்பக்கம் போனால் மெயின் ரோடு, மினிபஸ் நிற்கிற இடம். மரம் பெரியது. குடை மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்தது. எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பாலத்தைத் தாண்டினால் தெரிந்துவிடும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். பாலத்தைத் தாண்டினால் இரண்டில் ஒன்று. ஆற்றுக்குப் போகிறாள் என்றால், பொண்டாட்டி குளிக்கப் போவதைத் திருட்டுத்தனமாகப் பார்த்த ஆள் நான். பஸ்ஸுக்குப் போகிறாள் என்றால், அதற்குப் பிறகு எனக்கு வீடு இல்லை. மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போது அந்த முடிவு லேசாக இருந்தது. பாலத்தில் நிற்கும்போது கால் வரவில்லை.

பக்கத்தில் கால்வாய்க் கரையில் மொபெட் சத்தம். கணபதி. கடைக்குச் சரக்குப் போட்டுக்கொண்டு வருகிறான். என்னைப் பார்த்து வண்டியை மெதுவாக்கினான். கோமதி போன வழியைப் பார்த்தான், என் செருப்பைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு.

"என்ன அண்ணாச்சி, தூரமா?" என்றான்.

அவன் மரியாதைக்குத்தான் கேட்டான். எனக்குத்தான் சொல்ல ஒன்றும் இல்லை. பக்கம் என்றால் எந்தப் பக்கம்? தூரம் என்றால் எவ்வளவு தூரம்?

"இல்லப்பா. வீட்டுக்குத்தான்" என்றேன்.

"அப்ப ஏறுங்க."

அவன் வண்டியில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் மழை வருமா வராதா என்று பேசினான். வரும் என்றேன்.

கோமதி திரும்பி வந்தபோது அவள் தலை ஈரமாக இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். ஞானராஜும் அதைத்தான் கேட்டார். நான் அடுக்களையில் இருந்தேன். சுவரைப் பார்த்து நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் அப்படி நின்றேன். அவள் வந்து பையை வைத்தாள். உள்ளே போய் வேறு சேலை மாற்றித் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வந்தாள். துண்டு சுற்றினால் ஈரம் என்று அர்த்தம் ஆகாது. ஆகாமலும் இல்லை.

"கத்திரிக்காய இப்படியா நறுக்குவாக? பொரியலுக்கு நறுக்கச் சொன்னா சாம்பாருக்கு நறுக்கி வச்சிருக்கிய" என்றாள். கத்தியை வாங்கிக்கொண்டாள். வந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் என்னைப் பழையபடி திட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் போனை அவள் பக்கம் தள்ளினேன்.

"இந்தப் புள்ளிய நிறுத்திரு" என்றேன்.

"எதுக்கு? கெடக்கட்டும். நான் தூரமாப் போனா எடுத்துட்டுப் போவேன். அப்பப் பாருங்க. மத்த நேரம் பாக்காதிய."

7

திரும்பி வந்ததும் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். ஞானராஜைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். மனைவி இருக்கிறாள் என்று அவர் நல்ல இந்தியில் சொன்னார். ஆபீசர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு விடுப்பு கேட்க வாய் இல்லை.

வேணியிடம் கோமதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஒரு ஞாயிறு பேசும்போது, "அப்பா, நான் ஏன் ஆஃப் பண்ணினேன்னு இப்பத் தெரியுதா?" என்றாள். தெரியுது என்றேன். முழுக்கத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். அவளைப் பற்றியும் எனக்கு ஒன்றிரண்டு சந்தேகம் இருக்கிறது. கேட்கவில்லை.

சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. அது எனக்குப் பிறவிக் குணம். போனையும் நம்பவில்லை. கணபதி வாயையும் நம்பவில்லை. கோமதியை நம்புகிறேனா என்று கேட்டால் உடனே பதில் வராது. ஆனால் இப்போது செவ்வாயும் வெள்ளியும் மதியம் நான் போன் பண்ணுவதில்லை.

அந்த நேரத்துக்கு முகாமுக்கு வெளியே வண்டியை நிழலில் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிரிப்பேன். அவள் புள்ளி வீட்டில் இருக்கும். ஆள் எங்கே என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் சோறு தொண்டையில் நின்றது. தண்ணீரைக் குடித்து இறக்கினேன். இப்போது தண்ணீர் இல்லாமலே இறங்குகிறது.